நமீபியாவின் சரளைச் சாலையில் யார் பொறுப்பு?

நமீபியாவுக்குப் போகத் திட்டமிடும் ஒருவரிடம் சிங்கத்தைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். சரளைச் சாலையில் டயரில் எவ்வளவு காற்று வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் விழிப்பார். அந்த நாட்டில் பயணிக்கு முதல் ஆபத்து சாலைதான். விலங்கு அதற்குப் பின்னால்தான் வருகிறது.

2022 செப்டம்பரில் எட்டு சிவிங்கிப்புலிகள் அங்கிருந்து குனோ காட்டுக்கு வந்து இறங்கியபோதுதான் நம்மில் பலர் அந்த நாட்டின் பெயரையே கவனித்தோம். அதன் பிறகு நம் புகைப்படக்காரர்களும் குடும்பங்களும் அங்கே போகும் ஆசையை வெளிப்படையாகவே பேசுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் அந்த நிலத்தின் கணக்கு வேறு. பரப்பு சுமார் 8,25,000 சதுர கிலோமீட்டர். 2023 கணக்கெடுப்பில் மக்கள் 30 லட்சத்தைச் சற்றே தாண்டினார்கள். சதுர கிலோமீட்டருக்கு நான்கு பேர்கூட இல்லை. அந்த வெறுமையைப் பார்க்கத்தான் உலகம் அங்கே போகிறது. உதவி தூரத்தில் இருப்பதற்கும் அதே வெறுமைதான் காரணம்.

முதன்மைச் சாலைகளில் தார் இருக்கிறது. பயணிகள் தேடிப்போகும் இடங்களுக்கு, அதாவது செஸ்ரியம் மணற்குன்றுகளுக்கும், வடமேற்கின் டமராலாந்துக்கும், அதற்கும் அப்பால் ஹிம்பா மக்கள் வாழும் காவோகோலாந்துக்கும் போகிற வழிகளில் பெரும்பகுதி சரளைதான். சாலையில் குறுக்குவாட்டில் அலை அலையாக வரிகள் விழுந்திருக்கும். மெதுவாகப் போனால் வண்டி உடம்பையே உலுக்கும். வேகம் கூடக்கூட அதிர்வு அடங்கிவிடும். ஓட்டுநர் நிம்மதியடைவார். அந்த நிம்மதிதான் ஆளைக் கொல்கிறது. வரிகளின் முகடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடும் டயருக்குத் தரையில் பிடிப்பு குறைவு. வளைவிலோ, எதிரே ஒரு ஓரிக்ஸ் மான் குறுக்கிட்டாலோ சட்டென்று பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கைத் திருப்பினால், கூரையில் கூடாரம் கட்டிய உயரமான வண்டி புரண்டுவிடும். எதிரில் வேறு வண்டியே இல்லாத சாலையில் நடக்கும் விபத்து இது.

நம்மவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் எல்லாம் பழகியதுபோல் தோன்றும். நம் நெடுஞ்சாலையில் ஓட்டிய அனுபவம் சரளையில் கைகொடுப்பது மிகக் கொஞ்சம். வாடகை நிறுவனங்கள் பலவும் சரளையில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுகின்றன. இருட்டில் ஊருக்கு வெளியே ஓட்டினால் காப்பீடு செல்லாது என்றும் எழுதுகின்றன. அந்தி சாய்ந்ததும் குடு மான்களும் காட்டுப்பன்றிகளும் சாலைக்கு வந்துவிடும் என்பதால் எழுதிய நிபந்தனை அது.

சரி, வண்டி புரண்டுவிட்டது. யார் வருவார்கள்? கைப்பேசியை எடுத்தால் சிக்னல் இருக்காது. நாட்டின் பெரிய கைப்பேசி நிறுவனம் 2017-இல் கோபுரம் கட்டும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கி, மக்கள்தொகையில் 98 விழுக்காட்டினரை எட்டுவதை இலக்காக வைத்தது. பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் அந்த 98 மக்களைக் கணக்கிட்டது, நிலத்தையல்ல. மக்கள் இல்லாத இடத்துக்குத்தான் பயணி போகிறார். எனவே முதலில் வருபவர், தற்செயலாக அந்த வழியே வந்த ஒரு பண்ணைக்காரர். அல்லது, உள்ளூர் மக்களே காட்டுயிர்களைப் பேணி நிர்வகிக்கும் சமூகப் பாதுகாப்பு நிலத்தின் காவலர். அல்லது பக்கத்து விடுதி அனுப்பும் வண்டி. அடிபட்டவரைக் கொரிக்ஸாஸிலோ ஓபுவோவிலோ உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். காயம் பெரிதென்றால் அங்கிருந்து தலைநகர் விண்ட்ஹோக்குக்கு.

இந்தச் சங்கிலியில் இருப்பவர்கள் மிகச் சிலர். ஒரு மாவட்ட மருத்துவமனையின் அவசர அறையை ஒரு பயணியின் கவனக்குறைவு நிரப்பிவிட்டால், அன்று பிரசவ வலியோடு வந்த ஹிம்பா பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய கைகளும் குறையும். ஆகவே ஆபத்தைச் சந்திப்பது என் சொந்த விஷயம் என்ற வாதம் இங்கே எடுபடாது. மனிதர்கள் இவ்வளவு குறைவாக உள்ள நாட்டில் ஒருவரின் பாதுகாப்பு எல்லோருடைய பொதுச் சேமிப்பிலிருந்து எடுக்கப்படுவது. எடுப்பவர் எவ்வளவு எடுக்கிறார் என்று யோசித்தாக வேண்டும்.

நமீபியா இதை ஓரளவு சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. வாகன விபத்து நிதியம் என்ற அரசு அமைப்பு, விற்கும் எரிபொருளின் மேல் விதிக்கும் சிறு தொகையில் இயங்குகிறது. விபத்தில் காயப்பட்டவருக்குத் தவறு யாருடையது என்று முதலில் பார்க்காமல் உதவுவது அதன் அடிப்படை. பெட்ரோல் நிலையத்தில் எரிபொருள் போடும் ஒவ்வொருவரும், யாரென்று தெரியாத ஒருவரின் சிகிச்சைக்குப் பங்கு தருகிறார். இதைத் தெரிந்துகொண்ட பயணி அந்த ஏற்பாட்டை மதிப்பார். அதையே நம்பிக்கொண்டு வெறுங்கையோடு போகவும் மாட்டார். விமானத்தில் மீட்டு மருத்துவமனை சேர்க்கும் செலவை ஏற்கும் காப்பீடு கையில் இல்லாமல் இந்த நாட்டுக்குள் வண்டி எடுப்பது பொறுப்பான செயல் ஆகாது.

அடுத்தது நதிகள். ஹோவனிப், ஹோவருசிப், உகாப், குய்செப் ஆகிய மேற்கு நதிகள் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். நிழல் தரும் மரங்களும் யானைகளும் அந்த மணற்படுகையை ஒட்டித்தான் இருக்கும். கூடாரம் போட அதைவிட அழகான இடம் கண்ணுக்குத் தெரியாது. மழையோ கிழக்கே வெகுதொலைவில் உள்ள மேட்டு நிலத்தில் பெய்யும். தலைக்கு மேல் மேகமே இல்லாத ராத்திரியில் வெள்ளம் வந்து சேரும். படுகையில் தங்காதே என்று அங்குள்ளவர்கள் சொல்வது பயமுறுத்த அல்ல. பாலைவன யானைகள் நடந்து போகும் பாதையும் அதே படுகைதான் என்பதால் அந்த அறிவுரைக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

வழி விலகி ஓட்டுவதைப் பற்றியும் கடுமையாகவே சொல்ல வேண்டும். நமீப் பாலைவனத்தின் சரளைச் சமவெளியில் பதியும் டயர்த் தடம் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடக்கும். கடல் மூடுபனியைக் குடித்து வாழும் லைக்கன்கள் அதில் நசுங்கும். இதைச் சூழல் ஆர்வலர்களின் கவலை என்று ஒதுக்கிவிடுகிறோம். அடுத்த பயணி அந்தத் தடத்தைச் சாலை என்று நம்பித் திரும்புவார் என்பதைப் பார்ப்பதில்லை. ஒருவர் புகைப்படத்துக்காக எடுத்த குறுக்குவழி, பத்து வருடம் கழித்து வேறொருவர் எரிபொருள் தீர்ந்து நிற்கும் இடத்துக்கு வழிகாட்டுகிறது.

கட்டுப்பாடு என்றாலே சுதந்திரத்துக்கு எதிர் என்று நினைப்பவர்கள் தெற்கிலுள்ள மீனாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்கட்டும். 160 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 550 மீட்டர் ஆழம். ஹோபாஸ் அருகே இறங்கி ஐ-ஐஸ் வெந்நீர் ஊற்று வரை ஏறக்குறைய 85 கிலோமீட்டர் நடைப்பாதை. மே முதல் நாளிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் அனுமதி. மற்ற மாதங்களில் உள்ளே வெப்பம் ஆளை வீழ்த்திவிடும். மருத்துவரின் உடல்தகுதிச் சான்று வேண்டும். தனியாகப் போக முடியாது, குறைந்தது மூவர் சேர வேண்டும். உலகெங்கிலுமிருந்து வரும் நடையர்கள் இதை ஏற்றுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். எதோஷா தேசியப் பூங்காவின் வாயில்கள் சூரியன் சாயும்போது மூடப்படுவதையும் யாரும் எதிர்ப்பதில்லை. காரணம் விளங்கிய விதியை மனிதர்கள் மதிக்கிறார்கள் என்பதற்கு இவை போதும்.

விதி எட்டாத இடங்களும் உண்டு. 2025 மே இறுதியில், ஹோவனிப் பள்ளத்தாக்குப் பகுதியில் முகாமிட்டிருந்த ஒருவர் விடியலுக்கு முன் கூடாரத்தைவிட்டு வெளியே வந்தபோது பெண்சிங்கம் தாக்கி இறந்தார். அந்தப் பாலைச் சிங்கங்கள் எண்ணிக்கையில் மிகக் குறைந்தவை. அவற்றின் நடமாட்டத்தைக் கவனித்து ஊர்களுக்கு எச்சரிக்கை சொல்ல உள்ளூர் இளைஞர்கள் சிங்கக் காவலர்களாக வேலை செய்கிறார்கள். இந்தத் தகவல் ஆடு மேய்ப்பவருக்குப் போகிறது. பக்கத்தில் கூடாரம் போட்டிருப்பவருக்கும் அன்று மாலையே போய்ச்சேர வழி வேண்டும்.

இங்கே எல்லோருக்கும் வேலை இருக்கிறது. பயண முகவர்களின் பங்கு, நம் பார்வையில், மிகப் பெரியது. பயணத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது அவர்கள் அச்சடித்துத் தரும் நாள்வாரித் திட்டம்தான். இரவெல்லாம் விமானத்தில் தூங்காமல் வந்தவரை, இறங்கிய அன்றே செஸ்ரியம் வரை ஓட்டச் சொல்லும் திட்டங்கள் இருக்கின்றன. வரைபடத்தில் அது 350 கிலோமீட்டருக்குள்தான். சரளையிலும் மலையிறக்கத்திலும் ஐந்து மணி நேரம் ஆகும். முதல் இரவை விண்ட்ஹோக்கில் கழிப்பது என்பதை முகவர்கள் எல்லோரும் சேர்ந்து வழக்கமாக்கிவிட்டால், எவரும் மலிவான திட்டம் காட்டி மற்றவரை வீழ்த்த முடியாது. ஒரு நாள் கூடுதல் செலவு என்று பயணிகளும் முகம் சுளிக்கக் கூடாது.

வாடகை நிறுவனங்கள் சாவி கொடுக்கும்போது காணொளி ஒன்றை ஓடவிட்டு முடித்துக்கொள்ளாமல், பயணியின் கையாலேயே ஒரு முறை ஸ்டெப்னியை மாற்ற வைக்கலாம். மணலில் காற்றை எவ்வளவு இறக்குவது, கம்ப்ரசரில் மறுபடி எப்படி ஏற்றுவது என்பதையும் அங்கேயே செய்து பார்க்கட்டும். இரண்டு ஸ்டெப்னி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், கூடுதல் எரிபொருள், தொலைதூர வழி என்றால் செயற்கைக்கோள் தொலைபேசி. இவை பயணியின் கடமை. வடக்கே போகிறவர் மலேரியா மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். காவோகோலாந்துக்கு ஒற்றை வண்டியில் போகக் கூடாது. அங்கே ஊர்க் கிணற்றுத் தண்ணீரை எடுப்பவர், அதே கிணற்றை மாடுகளும் யானைகளும் நம்பியிருப்பதை நினைத்து, கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

செலவே இல்லாத ஏற்பாடு ஒன்றை விடுதிகள் நாளைக்கே தொடங்கலாம். காலையில் புறப்படும் வண்டியின் எண், போகும் வழி, சேரும் இடம் ஆகியவற்றை அடுத்த விடுதிக்குச் சொல்லிவிட வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் வண்டி வந்து சேரவில்லையென்றால் அடுத்த விடுதி முதலில் கேட்டுப் பார்க்கும், பிறகு வெளிச்சம் இருக்கும்போதே ஆள் அனுப்பும். பல விடுதிக்காரர்கள் பழக்கத்தால் இதைச் செய்துவருகிறார்கள். முகாம் நடத்தும் சமூகப் பாதுகாப்பு நிலங்களையும் பூங்கா வாயில்களையும் இதே வலையில் சேர்த்து, எல்லோருக்கும் பொதுவான படிவம் ஒன்றை நமீபியாவின் சுற்றுலா அமைச்சகம் வகுத்துத் தர வேண்டும். வழியை மாற்றிக்கொள்ளும் பயணி அதைத் தகவலாகச் சொல்லாமல் போனால், அவரைத் தேடுவதற்கு ஆன எரிபொருள் செலவை அவரிடமே வாங்கலாம் என்பதையும் அந்தப் படிவத்திலேயே அச்சிட்டுவிடலாம்.