ராத்திரி அப்டேட், காலையில் ரேஞ்ச் மாறுது: மின்சார காரில் நடப்பது என்ன?

பேட்டரியை மாற்றாமலே மின்சார காரின் ரேஞ்ச் கூடுமா? கூடும், குறையவும் செய்யும். காரணம், சாஃப்ட்வேர்.

பேட்டரியின் மொத்த கொள்ளளவு வேறு, ஓட்டுபவருக்குக் கிடைப்பது வேறு. ஆயுளுக்காக ஒரு பகுதியை சாஃப்ட்வேர் ஒதுக்கி வைக்கும். மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கணும், பிரேக் போடும்போது எவ்வளவு திரும்பச் சேமிக்கணும் என்பதும் அதன் கையில்தான்.

கூடியது எப்படி?

டெஸ்லா 60 யூனிட் (கிலோவாட் மணி) என விற்ற சில கார்களுக்குள் இருந்தது 75 யூனிட் பேட்டரி. 2017-ல் இர்மா புயல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவை நெருங்கியபோது, மக்கள் வெளியேற வசதியாக அந்தப் பூட்டை தற்காலிகமாகத் திறந்துவிட்டது. 2019-ல் மாடல் 3 லாங் ரேஞ்ச் காரின் ரேஞ்சை அப்டேட் மூலமே 310 மைலில் இருந்து 325 ஆக்கியது.

குறைந்தது எப்படி?

அதே 2019-ல், 1,743 மாடல் எஸ் கார்களில் பேட்டரியின் உச்ச வோல்டேஜை ஓர் அப்டேட் தற்காலிகமாகக் குறைத்தது. உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2021-ல் 15 லட்சம் டாலருக்கு சமரசம். காருக்கு 625 டாலர்.

கார் வாங்கப் போறீங்களா? ரேஞ்ச் மட்டும் கேட்காதீங்க. பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு எவ்வளவு, அப்டேட்டில் அது குறைந்தால் வாரண்டி உண்டா என்றும் கேளுங்க.