மார்ஃபினும் மனவலிமையும்: சுண்டெலிகள் உணர்த்தும் உண்மை

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் பரிந்துரைக்கும்போது குடும்பத்தார் எங்களிடம் பெரும்பாலும் கேட்பது, "இதற்கு அடிமையாகிவிட மாட்டாரே?" என்பதுதான். அந்த அச்சத்தால் சிலர் மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்கின்றனர். வேறு சிலர் வலி குறைந்ததும் எங்களைக் கேளாமலே நிறுத்திவிடுகின்றனர். பின்னர் நோயாளிக்கு நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் ஏற்பட்டால், "பழக்கம் பிடித்துவிட்டது" என்று வருந்துகின்றனர். இங்கே இருவேறு நிலைகள் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன என்பதே எங்கள் கருத்து.

மார்ஃபின் இணைவதற்கென நரம்பணுக்களில் ஏற்பிகள் இருப்பதை 1973இல் ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். மியூ, டெல்டா, காப்பா என்பன அவற்றுள் முதன்மையானவை. எது எப்பணியைச் செய்கிறது என்பதற்குத் தெளிவான விடை 1996இல், பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகர ஆய்வாளர்கள் மியூ ஏற்பி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியபோது கிடைத்தது.

இயல்பான சுண்டெலிக்குச் சில நாட்கள் மார்ஃபின் கொடுத்து, பின்னர் அதன் செயலைத் தடுக்கும் நலாக்சோனைச் செலுத்தினால், அது துள்ளும், அதன் முன்கால்கள் நடுங்கும், வயிற்றுப்போக்கும் உண்டாகும். மியூ ஏற்பி இல்லாத எலிகளிடம் இவ்விலகல் அறிகுறிகள் தோன்றவில்லை. ஆனால் அவற்றுக்கு மார்ஃபினால் வலியும் தணியவில்லை. வலியை ஆற்றும் வாயிலும் சார்புநிலையை உண்டாக்கும் வாயிலும் ஒன்றே என்பது புலனாயிற்று.

இது நிகழும் விதம் எளிது. மார்ஃபின் நரம்பணுவின் செயலை அடக்குகிறது. அணுவோ அதை ஈடுசெய்யத் தன் உள்வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. வடம் இழுக்கும் போட்டியில் ஓர் அணி திடீரெனக் கயிற்றை விட்டால் மறு அணி நிலைகுலைவதுபோல, மருந்து சட்டென நின்றதும் நரம்பணுக்கள் கட்டின்றிக் கிளர்ச்சியுறுகின்றன. நடுக்கமும் வியர்வையும் அதன் விளைவே.

சுண்டெலிக்கு ஒழுக்கக்கேடும் இல்லை, மனவலிமைக் குறைவும் இல்லை. எனவே விலகல் அறிகுறியை நோயாளியின் குணக்குறையாகக் கருதுவது நியாயமன்று. அது உடலின் தகவமைப்பு. தீங்கு விளையும் என்றறிந்தும் கட்டுப்பாடின்றி மருந்தைத் தேடுவதே அடிமைநிலை. அதுவும் பழிக்கத்தக்க குற்றமன்று. மருத்துவம் உள்ள நோயே. அதற்குத் தரப்படும் மெத்தடோன், பியூப்ரினார்ஃபின் ஆகிய மருந்துகளும் இதே மியூ ஏற்பியில்தான் செயல்படுகின்றன.

ஆபத்தே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. முன்பு மது அல்லது போதைப் பழக்கம் இருந்திருப்பின் தயங்காமல் எங்களிடம் கூறுங்கள். உங்களைக் குறை கூறுவதற்காக அன்று, மருந்தளவைக் கவனமாக வகுப்பதற்காகவே கேட்கிறோம். மாத்திரையைப் பூட்டி வையுங்கள், பிறருக்குக் கொடுக்காதீர்கள். மிகுந்த மயக்கமோ மூச்சு மந்தமாவதோ தென்பட்டால் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

மருந்தை நிறுத்த விரும்பினால் எங்களிடம் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைத்துத் தருகிறோம். வலியைத் தாங்கிக்கொண்டு வாழ்வதே உறுதி என்று நோயாளியை வற்புறுத்தாதீர்கள். வலி தணிந்து அவர் உண்ணவும் உறங்கவும் உங்களோடு உரையாடவும் வேண்டும் என்பதற்காகவே இம்மருந்தை எழுதுகிறோம்.