வியட்நாமுக்கு 'ஒன்வே' டிக்கெட்... திரும்பும் வழி யார் கையில்?

சிவகாசி:

"விசா வந்துருச்சு தம்பி, டிக்கெட்டும் போட்டாச்சு. பெட்டியைக் கட்டு."

ஏஜென்ட் இப்படிச் சொன்னதும் வீட்டில் சாமி கும்பிட்டு, சொந்தக்காரர்களுக்கு எல்லாம் போன் போட்டு, கடன் வாங்கின காசில் புதுப் பெட்டியும் வாங்கி விடுகிறார்கள். அந்த டிக்கெட்டை மட்டும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பார்த்தால் அதில் போகிற தேதி மட்டும் இருக்கும். வருகிற தேதி இருக்காது. அதாவது 'ஒன்வே' டிக்கெட்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய், சவுதி என்று கேட்டுப் பழகின விருதுநகர் மாவட்டத்துக் காதுகளில் சில வருடங்களாக வியட்நாம், கம்போடியா, லாவோஸ் என்று புதுப் பெயர்கள் விழுகின்றன. வியட்நாமுக்குப் பாதையும் பக்கமாகி விட்டது. 2023 நவம்பரில் திருச்சியில் இருந்து ஹோ சி மின் நகருக்கு வியட்ஜெட் நிறுவனம் நேரடி விமானம் விட்டது. சிவகாசியில் இருந்து திருச்சிக்கு பஸ்சில் போகிற நேரமும், அங்கிருந்து வியட்நாமுக்குப் பறக்கிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒன்வே டிக்கெட் எடுப்பது குற்றமா? இல்லவே இல்லை. வியட்நாமில் முறைப்படி வேலை பார்க்கிற ஒருவர் லீவுக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஒன்வே டிக்கெட்டில்தான் போவார். அவர் கையில் அந்த நாட்டு அரசு கொடுத்த தற்காலிகக் குடியிருப்பு அட்டை இருக்கும். அது இருந்தால் தனியாக விசாவே தேவை இல்லை. வேலை, முதலாளி, தங்குகிற இடம் எல்லாம் அங்கே அரசாங்கக் கணக்கில் ஏறியாச்சு என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அவரை யாரும் தடுக்கப் போவதில்லை.

அதே டிக்கெட்டை டூரிஸ்ட் விசாவோடு ஒரு பையன் நீட்டினால்தான் கதை மாறுகிறது.

கவுண்டரில் கேட்பது ஏன்?

விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் போடுகிற கவுண்டரில், "ரிட்டர்ன் டிக்கெட் எங்கே?" என்று கேட்டால் பையனுக்கு வேர்த்து விடுகிறது. கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. போன இடத்தில் "உள்ளே விட முடியாது" என்று சொல்லி விட்டால், அந்த ஆளை ஏற்றி வந்த விமான நிறுவனமே திருப்பிக் கூட்டி வர வேண்டும். அதனால் முதலிலேயே பேப்பரைப் பார்த்து விடுகிறார்கள்.

அதைத் தாண்டினால் நம் நாட்டு இமிகிரேஷன் அதிகாரி. "சுற்றிப் பார்க்கப் போறேன் சார்" என்கிறான் பையன். எத்தனை நாள், எந்த ஓட்டல், கையில் எவ்வளவு பணம் என்று நாலு கேள்வி கேட்டால் முழிக்கிறான். பெட்டியைப் பார்த்தால் ஒரு வருடத்துக்கான துணிமணி. பல பேர் இந்த இடத்தில் நிறுத்தப்பட்டு ஊருக்குத் திரும்பி இருக்கிறார்கள். தெருவில் தலை காட்ட முடியவில்லை, டிக்கெட் காசும் போச்சு என்று வீட்டில் அதிகாரியைத் திட்டுகிறார்கள். திட்ட வேண்டிய ஆள் அவர் இல்லை.

வியட்நாம் 2023 ஆகஸ்ட் 15-ந் தேதி முதல் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் 90 நாள் இ-விசா கொடுக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டோவும் பாஸ்போர்ட்டும் ஏற்றினால் போதும். ஒரு முறை போக 25 டாலர்தான் கட்டணம். நம் காசுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். முதலாளி வேண்டாம், கம்பெனிக் கடிதம் வேண்டாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இந்த விசாவைத்தான் 'வேலை விசா' என்று சொல்லிப் பலர் தலையில் கட்டுகிறார்கள். அதற்கு எவ்வளவு வாங்கினார்கள் என்பதை ஏமாந்தவர்கள் வீட்டில் கேட்டால் தெரியும்.

பேக்கிங் வேலையே கிடையாது

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வியட்நாம் சட்டப்படி வெளிநாட்டுக்காரருக்கு வேலை பர்மிட் கிடைப்பது நாலே வகை ஆட்களுக்குத்தான். மேலாளர், நிர்வாக இயக்குநர், நிபுணர், தொழில்நுட்பப் பணியாளர். நிபுணர் என்றால் பட்டமும் அனுபவமும் காட்ட வேண்டும். தொழில்நுட்பப் பணியாளருக்குப் பயிற்சியும் வருடக் கணக்கில் அனுபவமும் வேண்டும். போலீஸ் சான்று, மருத்துவச் சான்று தனி. முதலில் அங்கே உள்ள கம்பெனி "எங்களுக்கு வெளிநாட்டு ஆள் தேவை" என்று அரசிடம் விளக்கிப் பர்மிட் வாங்க வேண்டும், அப்புறம் 'எல்.டி.' வகை வேலை விசா, போய் இறங்கின பிறகு குடியிருப்பு அட்டை. பர்மிட் அதிகபட்சம் 2 வருடம்.

அப்படிப் போய் நல்லபடியாக இருப்பவர்கள் உண்டு. யோகா மாஸ்டர், ஓட்டல் சமையல் நிபுணர், சாப்ட்வேர் ஆட்கள், மருந்துக் கம்பெனி அதிகாரிகள் என்று இந்தியர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள்.

ஆனால் ஹெல்பர், பேக்கிங், குடோன், லோடிங் வேலை? அதற்கு வெளியில் இருந்து ஆள் எடுக்க அங்கே சட்டமே இல்லை. யோசித்துப் பார்த்தால் புரியும். வியட்நாமே ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் தன் ஆட்களை ஜப்பான், தைவான், கொரியாவுக்கு வேலைக்கு அனுப்புகிற நாடு. தன் பிள்ளைகளையே வெளியூருக்கு அனுப்புகிறவன், சாத்தூரில் இருந்து ஆள் கூப்பிட்டா அட்டைப்பெட்டி ஒட்டச் சொல்லுவான்?

"சிவகாசிக்காரன்னா பட்டாசு வேலைக்கு அங்கே கிராக்கி" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்து விடலாம். வியட்நாமில் 1995 புத்தாண்டில் இருந்தே வெடிக்குத் தடை. 2021 ஜனவரியில்தான் சத்தம் இல்லாத வாண வகைகளுக்கு அனுமதி வந்தது. அதையும் தயாரித்து விற்க உரிமை பெற்றது அந்நாட்டு ராணுவ அமைச்சகத்தின் ஆலை மட்டும். ராணுவ ஆலைக்கு டூரிஸ்ட் விசாவில் ஆள் எடுப்பார்களா அண்ணாச்சி?

"போய் இறங்கி விசாவை மாத்திக்கலாம்" என்பது அடுத்த பேச்சு. வேலை பர்மிட் கையில் இருந்தால் அது நடக்கும். பர்மிட்டே இல்லாதவன் எதைக் காட்டி மாற்றுவான்? 90 நாள் முடிந்ததும் அவன் சட்டவிரோதமாகத் தங்கியவன். சம்பளம் கேட்டால் "போலீசைக் கூப்பிடட்டுமா?" என்று மிரட்டினால் போதும், வாயை மூடிக் கொள்வான்.

எல்லை ரொம்பப் பக்கம்

வியட்நாமில் இறங்கினவன் வியட்நாமிலேயே இருப்பான் என்றும் சொல்ல முடியாது. ஹோ சி மின் நகரில் இருந்து மோக் பாய் எல்லை சுமார் 70 கிலோமீட்டர். சிவகாசியில் இருந்து மதுரைக்குப் போகிற தூரம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் கம்போடியாவின் பாவெட் நகரம். சூதாட்ட விடுதிகளுக்கும், ஆன்லைனில் ஊரை ஏமாற்றுகிற மோசடிக் கூடங்களுக்கும் பேர் போன இடம். அந்தக் கூடங்களில் பூட்டி வைத்து, கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, நம் நாட்டு மக்களையே போனில் ஏமாற்றச் சொல்கிறார்கள். பாஸ்போர்ட் பிடுங்கப்படுகிறது. மறுத்தால் அடி, கரண்ட் ஷாக் என்று தப்பி வந்தவர்கள் சொல்லி இருக்கிறார்கள்.

2022 ஆகஸ்டில் கம்போடியா எல்லையில் ஒரு சூதாட்ட விடுதியில் இருந்து சுமார் 40 வியட்நாம்காரர்கள் ஆற்றில் குதித்து நீந்தியே சொந்த நாட்டுக்குத் தப்பினார்கள். ஆற்றுக்கு அந்தக் கரையில் சொந்த ஊர் இருந்தவர்களுக்கே அந்தக் கதி. வெம்பக்கோட்டைப் பையன் எந்த ஆற்றில் நீந்துவான்?

தமிழர்களும் மாட்டி இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் மியான்மரில் இருந்து 13 தமிழர்கள் மீட்கப்பட்டு சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் தாய்லாந்து எல்லையில் இருந்து விமானப்படை விமானங்கள் இரண்டில் 549 இந்தியர்கள் கொண்டு வரப்பட்டார்கள்.

குடியேற்றத் துறைக் கணக்கு ஒன்று 2024-ல் வெளியானது. 2022 ஜனவரி முதல் 2024 மே வரை கம்போடியா, தாய்லாந்து, மியான்மர், வியட்நாம் ஆகிய 4 நாடுகளுக்கு விசிட் விசாவில் போனவர்களில் 29,466 இந்தியர்கள் திரும்பவில்லை. இதில் தமிழ்நாட்டுக்காரர்கள் 3,124 பேர். பஞ்சாப், மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம் நமக்கு. இத்தனை பேரும் மோசடிக் கூடத்தில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. வேறு நாட்டுக்குப் போனவர்கள், அங்கேயே வேலை தேடிக் கொண்டவர்களும் இருப்பார்கள். ஆனால் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் இத்தனை பேர் வீடு திரும்பவில்லை என்றால் அது சுற்றுலா இல்லை.

பத்தாவது பாஸ் ஆனவனுக்கு ஆபத்து

அரசாங்கம் தடுக்காதா என்று கேட்கலாம். 1983 குடியேற்றச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு முடிக்காதவர் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டும் என்றால் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அங்கே வேலை ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பட்டியலில் வியட்நாம் இல்லை. கம்போடியா, லாவோஸ், மியான்மரும் இல்லை. பட்டியலில் உள்ள நாட்டுக்கே பத்தாவது பாஸ் பண்ணினவனுக்கு அந்த அனுமதி தேவை இல்லை.

மோசடிக் கூடங்களுக்கு வேண்டியதோ டைப் அடிக்கத் தெரிந்த, கொஞ்சம் இங்கிலீஷ் பேசுகிற பையன். ஆக, படிக்காதவனுக்கு இருக்கிற அந்தக் கொஞ்சப் பாதுகாப்பும் படித்தவனுக்கு இல்லை. விருதுநகர் மாவட்டம் பிளஸ்-2 தேர்ச்சியில் வருடா வருடம் முன்னணியில் நிற்கிற மாவட்டம் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

ஏன் போகிறார்கள்?

ஏமாளிகள் என்று பையன்களைத் திட்டுவது சுலபம். முதலிப்பட்டி 2012, அச்சங்குளம் 2021, ரெங்கபாளையம் 2023, செங்கமலப்பட்டி 2024, சின்னக்காமன்பட்டி 2025. வெடி விபத்து நடந்த இந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே இங்கே பெண்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டதில் இருந்து வேலை நாட்களும் சரியாக இல்லை. விபத்து நடந்தால் ஆய்வு, ஆய்வு நடந்தால் பூட்டு, மழை பெய்தால் லீவு, தீபாவளி முடிந்தால் மறுபடி ஆலை திறக்கும் வரை கையில் காசு கிடையாது. சனிக்கிழமை கூலியை நம்பி இருக்கிற வீட்டில், "என் பிள்ளையாவது மருந்தைத் தொடாம பிழைக்கட்டும்" என்று தாய் நினைப்பதில் தப்பு என்ன இருக்கிறது? ஏஜென்ட் அந்த ஆசையைத்தான் பிடித்துக் கொள்கிறான்.

வெளியூர் போவதும் இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. 1920-களின் தொடக்கத்தில் பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி வந்ததில்தான் இன்றைய சிவகாசியே இருக்கிறது.

வியட்நாமும் தமிழனுக்குப் பழக்கப்பட்ட நாடுதான். பக்கத்துச் செட்டிநாட்டில் இருந்து சைகோனுக்கு, அதாவது இன்றைய ஹோ சி மின் நகருக்கு, வட்டிக்கடை நடத்தப் போனார்கள். அவர்கள் நாளில் கட்டின மாரியம்மன் கோவில் இன்னும் அங்கே இருக்கிறது. அந்தக் கடைகளுக்கு வேலைக்குப் போனவர் கப்பல் ஏறும் முன்பே சம்பளச்சீட்டு எழுதி வாங்கினார். பொதுவாக மூன்று வருடக் கெடு. என்ன சம்பளம், எப்போது திரும்புவது என்பது வீட்டுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு துண்டுச் சீட்டு செய்த வேலையை இன்று செல்போன் மெசேஜ் செய்வதில்லை.

எதைப் பார்க்க வேண்டும்?

ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக் கூடிய கட்டணம் அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கேட்டாலே சந்தேகப்பட வேண்டும். விசாத் தாளில் என்ன வகை என்று எழுதி இருக்கும். டூரிஸ்ட் என்று இருந்தால் அது வேலைக்கு இல்லை, அவ்வளவுதான். வேலை பர்மிட்டின் நகல் விமானம் ஏறும் முன்பே கைக்கு வர வேண்டும்.

சில ஏஜென்ட்கள் உஷாராக ரிட்டர்ன் டிக்கெட்டும் சேர்த்தே போட்டுக் கொடுப்பார்கள். கவுண்டரில் காட்டத்தான் அது. புக் பண்ணினவன் கையில் நம்பர் இருந்தால், பையன் பறந்து கொண்டிருக்கும்போதே அதைக் கேன்சல் பண்ணிப் பணத்தை எடுத்துக் கொள்ளவும் முடியும். அதனால் திரும்பும் டிக்கெட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அது யார் பணத்தில், யார் போனில், யார் இ-மெயிலில் போடப்பட்டது என்று பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டை எல்லாப் பக்கமும் நகல் எடுத்து வீட்டில் வைப்பது நல்லது. போன இடத்தில் "பாஸ்போர்ட்டைக் கொடு, ஆபீசில் இருக்கட்டும்" என்று கேட்டால், அந்த நிமிடமே வீட்டுக்குத் தகவல் வர வேண்டும்.

வெளிநாட்டு வேலை பற்றிச் சந்தேகம் என்றாலோ, போன பிள்ளையிடம் இருந்து பேச்சு நின்று விட்டாலோ, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையை 1800 309 3793 என்ற எண்ணில் கூப்பிடலாம். ஆன்லைன் மோசடிப் புகாருக்கு 1930. பணம் கொடுத்த ரசீது, ஏஜென்ட் அனுப்பின மெசேஜ், டிக்கெட் நகல் எதையும் அழித்து விடக் கூடாது. போலீசில் முதலில் கேட்பது அதைத்தான்.