பேரை மாத்துறது வெட்டி வேலையா?

விலங்கியல் வகுப்பு முடிந்ததும் பக்கத்து பெஞ்ச் நண்பன் அலுத்துக்கொண்டான். "இந்த வகைப்பாட்டுக்காரங்களுக்கு வேற பொழப்பே இல்லையாடா? நாம மனப்பாடம் பண்ணி முடிச்சதும் பேரை மாத்திடறாங்க." கூட இருந்த நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், ஒரு சிள்வண்டு.

ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கம் 'ஃப்ளவரி பேக்கர்' என்றொரு சிள்வண்டு உண்டு. மாவு மூட்டையில் புரண்டு எழுந்த மாதிரி உடம்பெல்லாம் வெள்ளை (பேர் வைத்தவர் ரசிகர்தான்!). ரொம்ப காலம் இதை அப்ரிக்டா என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். மொரீஷியஸ் தீவின் பூச்சிகளும் அதே பேரினம். அதாவது இரண்டும் நெருங்கிய சொந்தம் என்று அர்த்தம். நடுவில் இந்தியப் பெருங்கடல்! அதை எப்படித் தாண்டியது என்று யாராவது ஒரு கதை கட்டித்தானே ஆகவேண்டும்? 2003-ல் மேக்ஸ் மோல்ட்ஸ் உடற்கூற்றை, முக்கியமாக ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை, ஒப்பிட்டுப் பார்த்தார். சொந்தம் அவ்வளவு நெருக்கமில்லை. அப்ரிக்டா மொரீஷியஸோடு நின்றது. மாவுக்காரருக்கு அலீட்டா என்று புதுப் பேரினம். கட்ட வேண்டியிருந்த கதையும் மிச்சம்.

சிகடெட்டா கதை இன்னும் மோசம். அது ஐரோப்பியப் பூச்சி ஒன்றை வைத்து உருவான பேரினம். ஆஸ்திரேலியாவில் சின்னதாக ஒரு சிள்வண்டு சிக்கினால், தூக்கி அதில் போடு! 2012-ல் மோல்ட்ஸ் அந்தக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து, பல புதுப் பேரினங்களாகப் பிரித்தார். இதுவா வெட்டி வேலை?

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "டி.என்.ஏ. வந்தாச்சு, இனி லென்ஸ் எதுக்கு?" என்பார்கள். ஐயா, ஒரு பேருக்கு ஆதாரம் அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்த மூல மாதிரிதான். நூறு வருஷம் காய்ந்த பூச்சியில் நல்ல டி.என்.ஏ. கிடைப்பது குதிரைக்கொம்பு. அதற்காக உருவத்தை மட்டும் நம்பவும் முடியாது; ஒரே மாதிரி வாழ்கிற பூச்சிகள் சொந்தமில்லாமலே ஒரே சாயலுக்கு வந்துவிடும். 2018-ல் மோல்ட்ஸும் இருந்த குழு மைட்டோகாண்ட்ரியா, உட்கரு மரபணுக்களை வைத்து உலகச் சிள்வண்டுகளின் வம்ச மரத்தை வரைந்தது. துணைக்குடும்பங்களைத் திருத்தும்போது உடற்கூற்றையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டது.

சரி, மனப்பாடக் கஷ்டத்துக்கு வருவோம். அப்ரிக்டா கர்விகோஸ்டா, அலீட்டா கர்விகோஸ்டா ஆனது. பின்பாதி அப்படியே இருக்கிறது. நீ புதுசாகப் படிக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான்டா மச்சான்.