ஏழு மணிக்கு வரும் வாசகர்

சென்ற நவம்பரில் ஒரு மாலை, சென்னையின் மேற்குப் புறநகர்க் கிளை நூலகம் ஒன்றின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. இங்கே சொல்லப்போகும் குறை ஓர் ஊருடையது மட்டும் அல்ல. கிரில் கதவில் செலோடேப் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது: நூலக வார விழா, சிறப்புரை, மாணவர்களுக்குப் பரிசளிப்பு, அனைவரும் வருக. நாள், முந்தின தினம். நேரம், பிற்பகல் 3 மணி. கதவு பூட்டியிருந்தது. மணி ஏழேகால். வெளிப் படிக்கட்டில் மூன்று இளைஞர்களும் ஒரு பெண்ணும் செல்போன் வெளிச்சத்தில் குரூப் 4 வினாத்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விழாவுக்கு வந்தீர்களா என்று கேட்டேன். "அது ஸ்கூல் பசங்களுக்கு சார்" என்றான் ஒருவன். மற்றவர்கள் தலைகூட நிமிரவில்லை.

நூலகத்தில் நிகழ்ச்சிக்கா பஞ்சம்? ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். ஆகஸ்டில் எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தநாளை ஒட்டி நூலகர் நாள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். இடையில் கோடை விடுமுறைப் பயிற்சி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி. பக்கத்துப் பள்ளியிலிருந்து இரண்டு வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக அழைத்து வரப்படுவார்கள். சால்வை, படம், மறுநாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி. பிள்ளைகள் வருவது நல்லதுதான். ஆனால் நூலகம் வெளியுலகுக்குச் சொல்லும் செய்தி இவ்வளவே என்றாகிவிட்டது. இந்த மாதம் என்ன புத்தகம் வந்தது, ஞாயிறு எத்தனை மணி வரை திறந்திருக்கும், வாசகர் வட்டம் எப்போது கூடுகிறது என்பதெல்லாம் அந்தக் கிரில் கதவில் வருவதில்லை. அது அல்லவா வாசகருக்குச் செய்தி?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியில் இந்தக் குறை கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம் உண்டு. இது ஷிஃப்டில் வாழும் நிலம். 1960களில் அம்பத்தூர் எஸ்டேட் என்னும் தொழிற்பேட்டை எழுந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அன்றிலிருந்து இங்கே வீட்டுக் கடிகாரத்தை நகர்த்துவது ஆலைச் சங்கு. இப்போது அதோடு ஐ.டி. நிறுவனங்களின் இரவுப் பணியும் சேர்ந்துவிட்டது. பட்டாபிராமில் 2024இல் டைடல் பூங்காவே திறந்துவிட்டார்கள். கொரட்டூர், பட்டரவாக்கம், திருமுல்லைவாயில், அன்னனூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் மின்சார ரயில் ஆட்களை உதிர்த்துவிட்டுப் போகும் நேரம் மாலை ஆறரைக்கு மேல்தான். அப்படி இறங்கியவர் வீட்டுக்குப் போய்க் கால் கழுவி, ஒரு வாய் காபி குடித்துவிட்டு நூலகத்துக்கு நடந்தால் மணி ஏழு, ஏழரை. கிளை நூலகங்கள் பெரும்பாலும் அதற்குள் பூட்டப்பட்டிருக்கும், இல்லையென்றால் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. சீர்காழிக்காரரான அவர் கணிதப் பேராசிரியராக இருந்து நூலகரானவர். அந்த விதியை அட்டவணையும் அலமாரியும் ஒழுங்காக இருப்பது என்ற அளவில் சுருக்கிப் புரிந்துகொண்டுவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் ஓட்டினார். தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். வாசகர் எங்கே இருக்கிறாரோ, எப்போது இருக்கிறாரோ, அங்கே அப்போது போய் நிற்பதுதான் அந்த வண்டியின் தத்துவம். பகலெல்லாம் வயலில் இருப்பவரிடம், பகலில் வா என்று வண்டி சொல்லவில்லை.

மாலையிலும் நூலகத்தைத் திறந்துவைக்கப் பணம் எங்கே என்று கேட்பார்கள். பணம் நம்முடையதுதான். சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது, 1950இல் நடைமுறைக்கு வந்தது. சொத்துவரியோடு நூலக வரி வசூலிக்கும் ஏற்பாடு அதில்தான் பிறந்தது. இன்று சொத்துவரியில் ரூபாய்க்கு 10 பைசா. ஆயிரம் ரூபாய் வரி கட்டும் வீடு நூலகத்துக்கு நூறு ரூபாய் கட்டுகிறது. 2022இல் சொத்துவரியை உயர்த்தியபோது கூச்சலிட்டோம். நூலக வரியும் சத்தமில்லாமல் கூடவே ஏறியதை எத்தனை பேர் கவனித்தோம்? வசூலிப்பது உள்ளாட்சி. அதை வாங்கிச் செலவிட வேண்டியது நூலக ஆணைக்குழு. வசூலித்ததை உரிய காலத்தில் கொடுக்காமல் உள்ளாட்சிகள் பாக்கி வைக்கும் செய்தி மட்டும் அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது.

இந்த மூன்று ஊர்களின் நிர்வாக எல்லை வேறு ஒரு வேடிக்கை. அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போயிற்று. அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடி 2019இல் தானே மாநகராட்சியாகிவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தில் பூந்தமல்லி நகராட்சியாகவே இருக்கிறது. காகிதத்தில் மூன்று நிர்வாகம். ஆனால் திருமுல்லைவாயில்காரர் அம்பத்தூரில் வேலை பார்த்து, ஆவடிச் சந்தையில் காய் வாங்கி, பூந்தமல்லியில் பெண் கொடுக்கிறார். அவருக்கு இது ஒரே வட்டாரம். ஆவடியில் ஒரு நல்ல எழுத்தாளர் பேச வந்தால் அம்பத்தூர் வாசகருக்குத் தெரிய வழியில்லை. மூன்று ஊர்க் கிளை நூலகங்களும் வாசகர் வட்டங்களும் சேர்ந்து மாதம் ஒரு தாளில் ஒரே நிகழ்ச்சி நிரலை அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? ரயில் நிலையத்திலும் அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்திலும் எஸ்டேட் டீக்கடைகளிலும் ஒட்ட நூறு தாள் போதும். இதற்கு அரசாணை தேவையில்லை.

வாசகர் வட்டம் என்ற அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் நூலகம் என்பது ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். பி.என். பணிக்கர் 1945இல் ஒன்றிணைத்த மரபு அது. உறுப்பினர்களே குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அரசு மானியம் கொடுக்கிறது. நம்முடையது அரசே நடத்தும் நூலகம். இதில் பலமும் உண்டு: நூலகருக்குச் சம்பளம் அரசுப் பொறுப்பு, புத்தகம் வந்துகொண்டே இருக்கும், ஊர்ப் பெரியவர்களின் சண்டையில் நூலகம் மூடிப்போகாது. இழப்பு என்னவென்றால், நூலகம் நம்முடையது என்ற எண்ணம் வாசகருக்கு வருவதில்லை. ரேஷன் கடைக்குப் போவதுபோல் போய்வருகிறார். இந்த இடைவெளியை நிரப்ப இருக்கும் ஒரே வாசல் வாசகர் வட்டம். அதுவும் பல இடங்களில் ஓய்வு பெற்ற நாலைந்து பேரின் தனிப்பட்ட உழைப்பால் ஓடுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் முப்பது வயதுக்காரர் ஒருவர் அங்கே எழுந்து, கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள் என்று சொல்லும் நாள் வர வேண்டும்.

இனி அந்தப் படிக்கட்டு இளைஞர்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் சொந்தப் புத்தகத்தோடு வருகிறார்கள், இரவல் எடுப்பதில்லை, நாள் முழுக்க நாற்காலியை விடுவதில்லை, ஆகவே அவர்கள் வாசகர்களே அல்ல என்ற முணுமுணுப்பு நூலக வட்டாரங்களில் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. ஒற்றை அறை வீட்டில் டி.வி. சத்தத்துக்கு நடுவே படிக்க முடியாமல் வருகிறவருக்கு நாற்காலியும் விளக்கும் கொடுப்பதுகூட நூலகப் பணிதான். 2024 நவம்பரில் கொளத்தூரில் படிப்பதற்கான இடத்தோடு முதல்வர் படைப்பகம் திறந்தது, இந்தத் தேவையை அரசும் உணர்ந்திருப்பதைக் காட்டுகிறது. கொளத்தூரிலிருந்து அம்பத்தூர் எட்டாத தூரமில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்த பையன் ஒருவன், நம்ம ஊரில் எப்போது என்று கேட்கிறான்.

பூந்தமல்லிக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் நூலகம் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம் அங்கேதான் காத்திருக்கிறது என்று நினைக்கிறேன். பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான அரசுப் பள்ளி பூந்தமல்லியில் இருக்கிறது. அவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேயே. பிரெயில் நூல் அச்சிட்ட ஊர் அது. ஆனால் பொது நூலகத்தில் பிரெயில் பிரிவு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது 2010இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். பூந்தமல்லியிலிருந்து ஒரு பார்வையற்ற மாணவி, மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட சாலைகளைத் தாண்டி, பஸ் மாறி அங்கே போக வேண்டும். ஊர்க் கிளை நூலகத்தில் ஓர் அலமாரி பிரெயில், நான்கு ஹெட்போன், வாரம் ஒரு மாலை வாய்விட்டுப் படித்துக்காட்ட இரண்டு தன்னார்வலர்கள் இருந்தால் போதும். வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர்களுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் நூலக நண்பர்கள் திட்டம் 2022லேயே வந்துவிட்டது. அந்தத் தன்னார்வலர்களிலிருந்தே இரண்டு பேரைக் கேட்கலாம். வரும் நூலக வாரத்தின் ஏழு நாளில் ஒரு நாள் இதற்கு.

இன்னொரு நாள் எஸ்டேட்டுக்கு. மாலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு மேஜை, ஐம்பது புத்தகம், உறுப்பினர் விண்ணப்பப் படிவம். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து இங்கே லேத் ஓட்டுகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இந்தியிலோ ஒடியாவிலோ பத்துப் புத்தகம் மேஜையில் இருந்தால் நிற்பார்கள். தமிழ் கற்றுக்கொள்ள எளிய புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்கக்கூடும்.

நேரத்தை நீட்டச் சொல்வது எளிது, உட்காரப்போவது யார்? பல கிளைகளில் நூலகர் ஒருவரேதான் எல்லாம். பதிவேடு எழுதுவதும் அவர், புத்தகம் அடுக்குவதும் அவர், மாவட்டக் கூட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் நூலகத்தைப் பூட்டுவதும் அவர். அவரைப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார வைக்கச் சொல்லவில்லை. எஸ்டேட் நமக்குக் கற்றுக்கொடுத்தது ஷிஃப்ட்தானே; நூலகத்துக்கும் இரண்டாவது ஷிஃப்டுக்கு இரண்டாவது ஆள் வேண்டும். இரவு ஒன்பது வரை திறந்திருந்தால் பெண்கள் வந்துபோக வாசலில் விளக்கு வேண்டும், கழிவறை வேண்டும். ஒரே நாளில் எல்லாக் கிளையிலும் முடியாது. ஊருக்கு ஒரு கிளை என்று மூன்றில் தொடங்கி, ஆறு மாதம் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதுவரை ஒன்று செய்யலாம். அடுத்த அரையாண்டு சொத்துவரி ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உங்கள் கிளை நூலகத்துக்குப் போங்கள். இந்த மாதம் என்ன புத்தகம் வந்திருக்கிறது, வாசகர் வட்டம் எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், வார விடுமுறை.