ஈரலை எறியும் கை

தில்லி மாநகரில் ஈத்கா அருகே நெடுங்காலம் நடைபெற்றுவந்த ஆட்டுத்தொட்டி 2009-ஆம் ஆண்டில் மூடப்பட்டு, கிழக்கெல்லையிலுள்ள காஜிப்பூரில் இயந்திர வசதி கொண்ட புதிய கூடம் இயங்கத் தொடங்கியது. இது முன்னேற்றமே, ஐயமில்லை. ஆயினும், கூடம் இடம் மாறியதனாலேயே நோய் அகன்றுவிட்டதாகக் கொள்ளுதல் பொருந்தாது.

நீர்க்கட்டி நோயையே எடுத்துக்கொள்வோம். இதற்குக் காரணமான எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழு நாயின் குடலில் வாழ்வது; சில மில்லிமீட்டர் நீளமே உள்ளது. நாயின் மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் புல்லிலும் நீரிலும் கலந்து, ஆடு, மாடு, எருமை ஆகியவற்றின் வயிற்றை அடைகின்றன. பின்னர் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த பைகளாக வளர்கின்றன. அவ்வுறுப்பைப் பச்சையாகத் தின்னும் நாய்க்கு மீண்டும் புழு உண்டாகிறது. மனிதனுக்கும் இம்முட்டைகளாலேயே நோய் வருகிறது. பல ஆண்டுகள் மறைந்து வளரும் கட்டியை அறுவை செய்து நீக்க நேரிடுவதும் உண்டு.

இறைச்சியை நன்கு வேகவைத்தால் அச்சமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். பன்றியிறைச்சி வழியாக வரும் நாடாப்புழுவுக்கு அது தக்க காப்பே. நீர்க்கட்டி நோய்க்கோ அது காப்பாகாது. இறைச்சியே உண்ணாதவருக்கும் கழுவாத கீரையாலும் கையாலும் இந்நோய் வரக்கூடும்.

2001-ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகளின்படி, கால்நடை மருத்துவர் ஒருவர் மணிக்குப் 12 விலங்குகளுக்கும், நாளொன்றுக்கு 96 விலங்குகளுக்கும் மேல் பரிசோதித்தல் ஆகாது. நல்ல விதிதான். ஆனால் உயிருள்ள ஆட்டைப் பார்த்து உள்ளிருக்கும் கட்டியை அறிதல் அரிது; அறுத்த பின்னரே அது புலப்படும். தெருவோரக் கடையிலும், திருவிழாக் கிடாவெட்டிலும் அதனைக் காண்பவர் மருத்துவர் அல்லர், கத்தி பிடித்தவரே. கட்டியுள்ள ஈரலை விலைபோகாதென்று அவர் ஒதுக்கி எறிகிறார். காத்திருக்கும் நாய் கவ்விச் செல்கிறது. நோயின் சங்கிலி அறுபடுவதும் தொடர்வதும் அந்த ஒரு கணத்திலேயே.

ஐஸ்லாந்து நாடு ஒருகாலத்தில் இந்நோயால் பெரிதும் துன்புற்றது. ஹரால்டு கிராபே என்னும் டென்மார்க் அறிஞர் எழுதிய சிறு நூல் 1864-இல் அந்நாட்டு மொழியிலேயே வெளியாகி மக்களிடையே பரப்பப்பட்டது. 1869-இல் சட்டமும் பிறந்தது. முதிர்ந்த ஆடுகளை விடுத்து இளங்குட்டிகளை அறுக்கும் வழக்கமும் பின்னர் துணைநின்றது. இருபதாம் நூற்றாண்டில் நோய் அங்கிருந்து மறைந்தது. மக்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லப்பட்ட செய்தியின் வலிமை இதனால் தெளிவாகும்.

ஆகவே, கிடாவெட்டு நடைபெறும் இடந்தோறும் நாய் தோண்டவியலாத ஆழமான குழி ஒன்றை ஊராட்சி அமைத்தல் வேண்டும். கழிவுறுப்புகளைப் புதைத்தல் அல்லது எரித்தல் வேண்டும். நாய்க்கு இடுவதாயின் அரைமணிக்குக் குறையாமல் கொதிக்கவைத்தே இடவேண்டும். வளர்ப்பு நாய்களுக்குப் புழுநீக்க மருந்தைத் தவறாது அளித்தல் வேண்டும். களப்பணியாளர் இதனைக் கசாப்புக்காரரிடம் குற்றம் சாட்டும் குரலிலன்றி, கட்டியைக் காட்டியே விளக்குவாராக. ஆசிரியரும் வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். நாயோடு விளையாடிய கையைக் கழுவாமல் உண்ணும் பிள்ளைகள் அவர் முன்னரே அமர்ந்திருக்கின்றனர்.