இஷா குஹா: 101 விக்கெட் போதாதா?

மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகமாகிட்டதால தள்ளிப்போய்க்கிட்டே இருந்த பதிவு இது. கிரிக்கெட் அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம், கோச்சுக்க மாட்டேன்.

2015 ஐ.பி.எல்.லில் முதல்முறையாக நாலு பெண்களை வர்ணனைக் குழுவில் சேர்த்தார்கள். அஞ்சும் சோப்ரா, லிசா ஸ்தலேகர், மெல் ஜோன்ஸ், இஷா குஹா. அப்போது ஒரு நண்பர் வீட்டில் ஏழெட்டு பேர் உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தோம். டிவியில் பெண் குரல் வந்ததும் ஒருத்தர், "இதெல்லாம் எங்க போய் கிரிக்கெட் ஆடிச்சு, நமக்கு பாடம் எடுக்க வந்துடுச்சு"ன்னு ரிமோட்டை எடுத்து ம்யூட்டில் போட்டார். நல்ல மனுஷன்தான். வீட்டில் பெண் குழந்தைக்கு ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தவர். ஆனா அன்றைக்கு அந்த அறையில் இருந்த யாருக்கும் அவர் சொன்னது தப்பாகப் படவில்லை.

அந்த நாலு பேரும் எங்க போய் ஆடினாங்கன்னு பார்ப்போமா? அஞ்சும் சோப்ரா இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், 127 ஒரு நாள் போட்டி ஆடியவர். புனேயில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய லிசா ஸ்தலேகர், பெண்கள் ஒரு நாள் கிரிக்கெட்டில் 1000 ரன்னும் 100 விக்கெட்டும் சேர்த்து எடுத்த முதல் ஆள். மெல் ஜோன்ஸும் ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர். இஷா குஹா 83 ஒரு நாள் போட்டிகளில் 101 விக்கெட்.

இப்போ இன்னொரு பக்கம். ஹர்ஷா போக்ளே முதல்தர கிரிக்கெட் ஆடியதே இல்லை. கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சு, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படிச்சு, மைக்குக்கு வந்தவர். ஜான் ஆர்லட் போலீஸ்காரராக இருந்து பி.பி.சி.க்குப் போனவர், 1946ல் இந்திய அணி இங்கிலாந்து போனபோது வர்ணனை ஆரம்பித்து, அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல பேசினார். அவ்வளவு ஏன், வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணித்ததைக் காது கிழியக் கேட்டு வளர்ந்த கூட்டம் நாம். அவர் எத்தனை ரன் எடுத்தார்னு எவனாவது கேட்டிருப்போமா? கேட்கவும் கூடாது. வர்ணனை வேற தொழில், ஆட்டம் வேற தொழில். என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஞாயம் பெண் குரல் வந்ததும் எங்கே போயிடுது?

கொஞ்சம் யோசிச்சா, இதில் மந்திரா பேடிக்கும் ஒரு பங்கு இருக்கு. தப்பு அவர் மேல இல்லை, அவரை உட்கார வைத்தவர்கள் மேல. 2003 உலகக் கோப்பையில் சோனி 'எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்'னு ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சாங்க. கிரிக்கெட் பார்க்காத குடும்பத்துப் பெண்களையும் டிவி முன்னாடி கொண்டுவரணும் என்பது கணக்கு. சீரியல் நடிகையான மந்திராவைப் பிடித்து, மெல்லிய பட்டை வச்ச ரவிக்கையும் சேலையுமாக உட்கார வைத்தார்கள். நாடே கிரிக்கெட்டை விட்டுட்டு ரவிக்கையைப் பற்றிப் பேசியது. பக்கத்தில் இருந்த பெருந்தலைகள் ஆரம்பத்தில் தன்னை மதிக்கவே இல்லைனு அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கார். அதற்கப்புறம் கிரிக்கெட் நிகழ்ச்சியில் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் "அலங்காரத்துக்கு வந்தது"ங்கிற எண்ணம் நம் ஆட்களுக்குப் பதிந்துபோச்சு. அஞ்சும் சோப்ரா வந்தாலும் அதே கண்ணாடிதான்.

இத்தனைக்கும் நம் நாட்டில் இது புதுசும் இல்லை. சி.கே.நாயுடுவின் மகள் சந்திரா நாயுடு 1977லேயே இந்தூரில் பம்பாய் - எம்.சி.சி. ஆட்டத்துக்கு வர்ணனை செய்திருக்கார். இந்தூரில் ஆங்கிலப் பேராசிரியை. 2021ல் காலமானபோது பேப்பரில் ஒரு மூலையில் சின்னதாகச் செய்தி. பி.பி.சி. வானொலியின் 'டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல்' முதல்முறையாக ஒரு பெண்ணின் வர்ணனையை ஒலிபரப்பியது 1998ல்தான். பார்படோஸ் வழக்கறிஞர் டோனா சிமண்ட்ஸ். கணக்குப் போட்டா நாம இருபத்தோரு வருஷம் முந்தி. பெருமைப்பட்டுக்கலாம்தான், அந்த இருபத்தோரு வருஷத்தில் நாம என்ன செஞ்சோம்னு யாரும் கேட்காத வரைக்கும்.

சரி, இஷா குஹாவுக்கு வருவோம். கல்கத்தாவிலிருந்து போன வங்காளிப் பெற்றோருக்கு 1985ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 2002 ஆகஸ்ட், டான்டன் மைதானம், இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட். பதினேழு வயசில் இங்கிலாந்துக்காக முதல் ஆட்டம். தெற்காசிய வம்சாவளியில் இங்கிலாந்துக்கு ஆடிய முதல் பெண். விதி எப்படி விளையாடுது பாருங்க, அந்த ஆட்டத்தில்தான் நம்ம மிதாலி ராஜ் 214 அடிச்சு உலக சாதனை பண்ணார். அறிமுக டெஸ்ட்டிலேயே இப்படி அடி வாங்கினா வேற யாராவது இருந்தா படிப்பு போதும்டா சாமின்னு போயிருப்பாங்க. இவர் படிப்பையும் விடவில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் உயிர்வேதியியல், அப்புறம் நரம்பியலில் மேற்படிப்பு.

2008ல் பௌரல் ஊரில் ஆஷஸ் டெஸ்ட். டான் பிராட்மேன் வளர்ந்த ஊர், அவர் பெயரில் மைதானம். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 100 ரன்னுக்கு 9 விக்கெட், ஆட்ட நாயகி. அந்த வருஷம் ஒரு நாள் பந்துவீச்சு தரவரிசையில் உலகத்திலேயே முதலிடம். 2009ல் 50 ஓவர் உலகக் கோப்பை, டி20 உலகக் கோப்பை இரண்டையும் ஜெயித்த இங்கிலாந்து அணியில் இருந்தவர். 2012 மார்ச்சில் 26 வயசில் ஓய்வு. அடுத்த மாசமே இங்கிலாந்தில் ஐ.டி.வி. 4ல் ஐ.பி.எல். நிகழ்ச்சியில் உட்கார்ந்துட்டார்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நான் ரொம்ப கவனிச்சிருக்கேன். ஆண் ஆட்டக்காரர் ஓய்வு பெற்றால் நேரா நிபுணர் நாற்காலிதான். "எங்க காலத்துல" என்று ஆரம்பித்து பத்து வருஷம் ஓட்டிடலாம். அந்த நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருப்பதால், பெண்கள் வேற வாசல் வழியாக வரவேண்டியிருக்கு. தொகுப்பாளர் வேலை. சொல்லப்போனால் அதுதான் கஷ்டமான வேலை. காதில் மாட்டின கருவியில் ஒருத்தர் "இன்னும் பத்து, ஒன்பது, எட்டு"ன்னு எண்ணிக்கிட்டே இருப்பார். எதிரில் ரெண்டு பழைய கேப்டன்கள் சண்டை போட்டுக்கிட்டு இருப்பாங்க. அவங்க பேச்சையும் கேட்டு, அடுத்த கேள்வியையும் யோசிச்சு, சரியா பூஜ்யம் வரும்போது விளம்பரத்துக்கு விடணும். இஷா அதையும் கத்துக்கிட்டார், பந்துக்குப் பந்து வர்ணனையையும் கத்துக்கிட்டார், வானொலியில் டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷலும் போனார். 2018ல் ஆஸ்திரேலியாவின் ஃபாக்ஸ் கிரிக்கெட். 2020ல் பி.பி.சி. டிவிக்கு கிரிக்கெட் திரும்பி வந்தபோது தொகுப்பாளர் நாற்காலியில் உட்கார வைத்தது இவரைத்தான். ரேடியோ, டிவி, தொகுப்பு, வர்ணனை எல்லாத்தையும் இந்த அளவுக்குச் செய்யக்கூடிய முன்னாள் ஆட்டக்காரர்கள் ஆண்களில் எத்தனை பேர் இருக்காங்கன்னு விரல் விட்டு எண்ணிப் பாருங்க. எனக்கு ஒரு கை விரலே மிச்சமாகுது.

இனி அந்த 2024 டிசம்பர் விவகாரம். அதைத் தொடாமப் போனா நீங்களே கமெண்டில் வந்து கேட்பீங்க.

பிரிஸ்பேன் டெஸ்ட், இரண்டாம் நாள். பும்ரா அஞ்சு விக்கெட். மிகச் சிறந்த ஆட்டக்காரர்னு சுருக்கமா சொல்ற 'எம்.வி.பி.'யை விரித்துச் சொல்லும்போது 'ப்ளேயர்' வரவேண்டிய இடத்தில் 'ப்ரைமேட்' என்று சொல்லிவிட்டார் இஷா. அந்த வார்த்தைக்குள் மனுஷனும் அடக்கம், குரங்கும் அடக்கம். "உயிரியல்படி நாம எல்லாருமே அதுதானே"னு முட்டுக்கொடுத்தவர்களை நான் ஒத்துக்கவே மாட்டேன். ஆஸ்திரேலிய மண், இந்திய ஆட்டக்காரர். 2008 சிட்னியில் ஹர்பஜன் - சைமண்ட்ஸ் தகராறே குரங்கு என்கிற ஒரு சொல்லை வச்சுத்தானே நடந்தது? அந்த இடத்தில் அந்தச் சொல் வரவே கூடாது. இந்திய வம்சாவளிங்கறதால விட்டுடலாம்னும் கிடையாது.

மறுநாள் காலை ஆட்டம் தொடங்கும் முன், ரவி சாஸ்திரியையும் கில்கிறிஸ்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேரலையில் மன்னிப்பு கேட்டார். "யாராவது புண்பட்டிருந்தால்" என்று வழவழா கொழகொழா இல்லை. தப்பான சொல்லைத் தேர்ந்தெடுத்துட்டேன், பும்ராவைப் புகழத்தான் நினைச்சேன், மன்னிச்சுக்கோங்க. அதைச் சொல்ல நெஞ்சுரம் வேணும்னு சாஸ்திரி அங்கேயே பாராட்டினார்.

ஆனா அன்னிக்கு நான் படிச்ச கமெண்டுகளில் பாதி அந்தச் சொல்லைப் பற்றியது இல்லை. "பொம்பளைங்கள பாக்ஸுக்குள்ள விட்டா இப்படித்தான்" ரகம். இதே ஞாபகசக்தியோட 2021க்குப் போவோம். நம்ம ஊர் தினேஷ் கார்த்திக் இங்கிலாந்தில் வர்ணனை செய்தபோது, அடுத்தவர் பேட்டை அடுத்தவர் மனைவியோடு ஒப்பிட்டு ஒரு ஜோக் அடித்தார். அடுத்த ஆட்டத்திலேயே அவரும் நேரலையில் மன்னிப்பு கேட்டார், அம்மாவும் மனைவியும் வாங்கு வாங்குன்னு வாங்கினதையும் சொன்னார். நாமளும் சிரிச்சுட்டு மன்னிச்சோம். எனக்கு இன்னிக்கும் அவர் வர்ணனை பிடிக்கும். 2018ல் மயங்க் அகர்வாலின் முச்சதத்தை 'கேன்டீன் ஆட்களுக்கு எதிராக அடித்தது' என்கிற மாதிரி கெர்ரி ஓ'கீஃப் கிண்டல் பண்ணி, அப்புறம் மன்னிப்பு கேட்டார். இவங்க ரெண்டு பேர் விஷயத்திலும் "ஆம்பளைங்களை இனி பாக்ஸுக்குள்ள விடாதீங்கப்பா"ன்னு ஒருத்தர் எழுதி நான் படிச்சதில்லை. தினேஷ் செய்தால் தினேஷோட தப்பு, ஓ'கீஃப் செய்தால் ஓ'கீஃபோட தப்பு. இஷா செய்தால் மட்டும் அஞ்சும், லிசா, மெல் எல்லார் கணக்கிலும் ஏறிடுது. இனிமே மைக்கைத் தொடப்போற பதினாலு வயசுப் பொண்ணு கணக்கிலும்.

திட்டுங்க, தாராளமா திட்டுங்க. யாரோட வர்ணனை மொக்கையா இருந்தாலும் நானும்தான் திட்டுறேன். ஆனா திட்டும்போது பேரைச் சொல்லித் திட்டுங்க.

மன்னிப்பு கேட்ட கையோடு அவர் அன்றைக்கு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பிரிஸ்பேனில் மழை விட்டு விட்டுப் பெய்து ஆட்டம் டிராவானது. கடைசி நாளில் அஸ்வின் திடீர்னு ஓய்வை அறிவிக்க, நம்ம ஜனங்க மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ஞ்சுட்டாங்க.